ஏழு மில்லிமீட்டர்

தண்ணியில்லாக் காடென்பார்கள்
மாற்றலாகி வருகிறவர்கள்.
தண்ணி இருக்கிறது.
வாலிநோக்கத்தில் எங்கள் வீட்டுக்குக் கீழே அறுபதடியில்.
சுவிட்சைத் தட்டினால்
கேட்டதற்கு மேலேயே கொட்டும்.
பார்த்தால் கண்ணாடி.
காய்ந்த பிறகுதான் காட்டும்
தன்னோடு என்ன கூட்டிவந்ததென்று.

குழாயின் மோவாயில் வெள்ளைத் தாடி.
ஷவரில் நாற்பத்தெட்டு ஓட்டை,
எண்ணியிருக்கிறேன்,
திறந்திருப்பவை பதினொன்று.
அதிலும் ஒன்று
சுவரைத்தான் குளிப்பாட்டுகிறது.
நீல வாளி சாம்பலாகிவிட்டது.
நிக்காஹ்வுக்கு வந்த கண்ணாடி டம்ளர் ஆறும்
கண்புரை விழுந்து
அலமாரியில் உட்கார்ந்திருக்கின்றன.

ஹீட்டரைக் கழற்ற
சிக்கலிலிருந்து முனியசாமி வந்தான்.
காயிலை வெளியே இழுத்தவன்
இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு சொன்னான்:
"பவளப்பாறை வளர்க்கிறீங்க அக்கா,
வனத்துறைக்குத் தெரிஞ்சா கேஸு."

நல்ல தண்ணி குடம் பதினைந்து ரூபாய்.
டிராக்டர் ஹாரன் கேட்டால்
அடுப்பை அணைத்துவிட்டு ஓடவேண்டும்.
அது யாருக்கு, எவ்வளவு என்று
இந்த வீட்டில் ஒரு சட்டம் உண்டு.
முதலில் குடிக்க.
பிறகு டீ.
பிறகு துவரம்பருப்பு,
உப்புத் தண்ணியில் போட்டால் அது
ஒன்பது விசிலுக்கும் வாய் திறக்காது,
ஸ்டேஷனில் உட்காரவைத்த ஆள் மாதிரி.
மிஞ்சினால், மிஞ்சினால் மட்டும்,
ஜெசிமாவின் தலைக்கு ஒரு செம்பு.

ஜெசிமா மதுரையில் படிக்கப் போன முதல் வாரம்
போன் பண்ணினாள்.
பாடம் பற்றி ஒன்றும் இல்லை, சாப்பாடு பற்றியும் இல்லை.
"உம்மா, இங்கே சோப்பு நுரைக்குது."
அந்தப் பக்கம் குழாய் ஓடும் சத்தம்.
நிறுத்துடி என்று வாய்வரை வந்தது.
இங்கே சோப்பு திரியும்,
எலுமிச்சை விழுந்த பால்போல,
முழங்கையில் பிசுக்காய் ஒட்டும்.
லீவுக்கு வந்தவளின் முடி
தோளில் நிற்காமல் வழுக்கியது.
மூன்று நாள்தான்.
நாலாம் நாள் சீப்புக்கு அடங்காத தேங்காய் நார்.
அவள்தான் முதலில் சிரித்தாள்.

அசன்கனி உப்பு லாரி ஓட்டுகிறார்.
பங்குனியில் ஒரு ராத்திரி
விலாவைப் பிடித்துக்கொண்டு
வாசலுக்கும் கொல்லைக்கும் நடந்தார்,
உட்காரவும் முடியாமல், படுக்கவும் முடியாமல்.
ராமநாதபுரத்தில் ஸ்கேன் எடுத்தோம்.
ஏழு மில்லிமீட்டர்.
எனக்கு அந்தக் காயில் ஞாபகம் வந்தது.
எங்க ஊர்த் தண்ணி டாக்டர், என்று ஆரம்பித்தேன்.
"தண்ணியாலதான்னு சொல்ல முடியாதும்மா.
குடிக்காததால.
ஒரு நாளைக்கு எவ்வளவு குடிப்பீங்க?"

அசன்கனி டாக்டரைப் பார்க்கவில்லை.
ஜன்னலைப் பார்த்தார்.

காலையில் நான் நிரப்பித் தரும் பாட்டில்
சாயங்காலம் பாதிக்கு மேல் திரும்பி வரும்.
வெயில் குடித்து, தொட்டால் சுடும்.
குடிக்க மறந்துவிட்டார் என்று
அதை அப்படியே பருப்பில் ஊற்றுவேன்.
எத்தனை வருசம்.
வெந்ததே சீக்கிரம், என்றுகூடச்
சொல்லியிருக்கிறேன் அவரிடம்.

கல் தானாகவே வந்தது, பதினாறாம் நாள்.
டீ வடிகட்டியில் பிடித்தார்.
(புது வடிகட்டி வாங்கிவிட்டோம்.)
மருந்துப் புட்டி மூடியில் வைத்துப் பார்த்தால்
இவ்வளவுதானா என்றிருந்தது.

இப்போது பாட்டிலைக் காலியாகக் கொண்டுவந்து
மேசையில் வைக்கிறார்,
தலைகீழாக, எனக்குத் தெரியட்டுமென்று.
பருப்பை மோட்டார்த் தண்ணியில்தான் போடுகிறேன்,
சிட்டிகை சோடாவோடு.
விசிலை எண்ணுவதை விட்டுவிட்டேன்.
முதல் கவளத்தை எடுத்து
நல்லா வெந்திருக்கு, என்கிறார்.
எதிரே உட்கார்ந்திருக்கும் எனக்குக் கேட்கிறது
அவர் பல்லில் அது நொறுங்குவது.